சிவப்பெல்லாம் இரத்தமல்ல

சில வருடங்களுக்கு முன்பு, மே மாத நினைவுக் கூட்டமொன்றில் முள்ளிவாய்க்காலின் செய்மதிப் படத்தைத் திரையில் போட்டார்கள். படம் நிறையச் சிவப்புத் திட்டுகள். விண்ணிலிருந்தே தெரிகிறது எம் மக்களின் இரத்தம் என்றார் பேச்சாளர். மண்டபம் விம்மியது.

அது இரத்தமல்ல. பனையும் பற்றையும். பச்சையிலை, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் தெறிக்கச் செய்யும். செய்மதியின் உணரி அதனைப் பதிவுசெய்கிறது. அந்த அலைவரிசைக்குத் திரையில் சிவப்பைக் கொடுப்பது படமாக்குபவர்களின் பழைய வழக்கம். 1972இல் முதலாவது லான்ட்சற் பறந்த காலத்திலிருந்தே காடுகள் இப்படிச் சிவப்பாக அச்சாகி வருகின்றன. (கனடாவின் காடுகளில் யாருடைய இரத்தமாம்?)

இதை எழுதினால் துரோகி என்பார்கள். பழகிய சொல்தான்.

படத்தில் உண்மையாகவே இருப்பதைச் சொல்ல எம்மவருக்கு ஏன் பொறுமையில்லை? 2009 ஏப்ரல் 27ஆம் திகதி, கனரக ஆயுதப் பாவனையை நிறுத்திவிட்டதாகக் கொழும்பு அறிவித்தது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தினர் மே 6ஆம், 10ஆம் திகதிப் படங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். முதற்படத்தில் நெருக்கியடித்து நின்ற தறப்பாள் கொட்டில்களில் பெருமளவு இரண்டாவதில் இல்லை. எறிகணை விழுந்தாற்போன்ற வட்டக் குழிகள் இருந்தன. இது போதாதா? நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து, இது பள்ளம், இது மேடு என்று தீர்மானிக்கும் சலிப்பான வேலை அது. நாங்கள் ஒரு பொய்ச் சிவப்பைக் காட்டியவுடன், அந்த வேலை முழுவதையுமே புலம்பெயர்ந்தோரின் கட்டுக்கதை என்று தள்ளிவிட மறுதரப்புக்கு வழி கிடைத்துவிடுகிறது.

செய்மதியைக் கடவுளாக்கவும் வேண்டாம். அந்நாளைய குயிக்பேர்ட்டின் கறுப்பு வெள்ளை உணரிக்கு ஒரு புள்ளி என்பது நிலத்தில் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். நிற உணரிக்கு 2.4 மீற்றர். கூர்மையான சாம்பல் படத்தின்மேல் மங்கலான நிறத்தை இரவல் வாங்கிப் பூசித்தான் எங்களை அழவைக்கும் அந்த அழகிய படம் பிறக்கிறது. மேலிருந்து பார்த்தால், நிற்கும் மனிதர் ஒருவர் ஒரேயொரு புள்ளிக்குள் அடங்கிவிடுவார். முகிலில்லாத முற்பகலொன்றில் கடந்துபோகும் கண் அது. மே 6க்கும் 10க்கும் இடையிலான இரவுகள் அந்த இரண்டு படங்களிலும் இல்லை. பங்கருக்குள் இருந்தவர்களும் இல்லை.

அந்த இரவுகளைக் கண்டவர்கள் எங்களுடன்தான் பஸ்சில் வருகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். அன்றைக்கும் பின்வரிசையில், முள்ளிவாய்க்காலிலிருந்து உயிர்தப்பி வந்த அக்கா ஒருவர் இருந்தார். படத்தைக் கண்டதும் எழுந்து, "தம்பி, அதிலை நிண்டது பனங்கூடல். அதுக்குக் கிழக்காலைதான் எங்கடை பங்கர்" என்றார். நேரமில்லை, கேள்விகள் பிறகு என்றார்கள். ஒலிவாங்கி அவரிடம் போகவில்லை. பிறகு ரோல்சும் தேநீரும் வந்தன. அந்தப் பங்கரைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானுந்தான்.