வலி தணிந்தால் நோய் தணிந்ததாகுமா?

பல்வலியோடு வருவோரிடம், "இதுவரை என்ன மருந்து வைத்தீர்கள்?" என்று நாங்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் நோயாளி பேசாதிருப்பார். உடன் வந்தவர்தான், குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல, "கிராம்புத் தைலம் வைத்தோம், டாக்டர்" என்பார். அந்தத் தயக்கத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. கைவைத்தியம் என்றாலே கடிந்துகொள்ளும் பழக்கம் மருத்துவர்களிடையே இருக்கிறது. அது சரியன்று.

கிராம்பில் மருந்து இருப்பது உண்மை. அதன் தைலத்தில் பெரும்பகுதியாக உள்ள யூஜெனால் வலியுணர்வை மரக்கச் செய்யும். கிருமிகளின் வளர்ச்சியையும் தடுக்கும். துத்தநாக ஆக்சைடுடன் யூஜெனாலைக் குழைத்துப் பற்குழியைத் தற்காலிகமாக அடைப்பது, பல் மருத்துவத்தில் நூறாண்டுக்கும் மேலாக வழங்கிவரும் முறை. திரிபலா நீரால் கொப்பளிப்பது பற்களில் படியும் கிருமிப்படலத்தைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குத் தரப்படும் டோசிடாக்செல் என்னும் மருந்தே ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு உருவாக்கப்பட்டதுதான். தாவரத்துக்கும் நவீன மருத்துவத்துக்கும் பகையில்லை.

பின் எதைக் குறித்து அஞ்சுகிறோம்? வலி வேறு, நோய் வேறு என்பதை மறந்துவிடுவதைக் குறித்தே அஞ்சுகிறோம். சொத்தை பல்லின் உட்கூழை எட்டும்போது வலி கடுமையாகும். சில நாட்களில் உள்ளிருக்கும் நரம்பு மடிந்துபோகும், வலியும் நின்றுவிடும். கிராம்பு குணப்படுத்திவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். கிருமியோ வேரின் நுனி வழியே தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சீழ் கீழ்த்தாடைக்கு அடியில் பரவினால் மூச்சுப்பாதையையே நெருக்கிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம்.

வாய்ப்புண்ணில் இந்தத் தாமதம் இன்னும் கொடியது. மணத்தக்காளிக் கீரை உண்பதும் மஞ்சள் தடவுவதும் நம் வீடுகளில் வழக்கம். சாதாரணப் புண் எதையும் தடவாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பதில் இறுக்கம் ஆகியவை மருத்துவர் பார்த்தே தீரவேண்டிய அறிகுறிகள். தொடக்க நிலையில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லை என்பதாலேயே மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்து, கழுத்தில் கட்டி தோன்றிய பின் வருவோரைக் காணும்போதெல்லாம் எங்கள் மனம் கனக்கிறது.

"இலையும் காயும்தானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்போர் உண்டு. பாக்கும் காய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று கூறுகிறது. கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி வாய் திறக்க இயலாமற் போவதற்கும் பாக்கே முதன்மைக் காரணம். கிராம்புத் தைலத்தையும் நீர்க்காமல் ஈறில் வைத்தால் ஈறு வெந்துபோகும். குழந்தை விழுங்கிவிட்டால் கல்லீரல் கெடலாம். நன்மையா தீமையா என்பதைப் பொருளும் அளவும் தீர்மானிக்கின்றன; அது செடியிலிருந்து வந்ததா என்பதன்று.

ஆகவே நாங்கள் வேண்டுவது சிலவே. இரவில் வலித்தால், எண்ணெயில் நீர்த்த கிராம்புத் தைலம் ஒரு துளியைப் பஞ்சில் நனைத்து வையுங்கள். மறுநாள் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். முகமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமானால், விடியும்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வேப்பங்குச்சியில் துலக்கும் பெரியவர், ஃபுளோரைடு கலந்த பற்பசையையும் நாள்தோறும் பயன்படுத்தட்டும். சொத்தையைத் தடுக்கும் அதன் ஆற்றல் பலமுறை மெய்ப்பிக்கப்பட்டது. உமிக்கரியும் செங்கற்பொடியும் பல்லின் எனாமலைத் தேய்ப்பவை, அவற்றை விட்டுவிடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரின் வாய்ப்புண்ணில் எங்களைக் கேளாமல் எந்தச் சாற்றையும் தடவாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர், மஞ்சள் மாத்திரை போன்றவற்றை உட்கொண்டால் கட்டாயம் எங்களிடம் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் நாங்களும் ஒரு கடமையை ஏற்கிறோம். நீங்கள் எதைச் சொன்னாலும் கடிந்துகொள்ளாமல் கேட்போம். அடுத்த முறை வரும்போது, நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய பொட்டலத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். மேசைமேல் வைத்துச் சேர்ந்தே பார்ப்போம்.