மணி அடித்து எழுப்பிய பயிற்சியாளர்

408 வெற்றி!

அமெரிக்காவில் எட்டி ராபின்சன் என்ற கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றிப் பேசுவோர் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். (அந்த நாட்டுக் 'கால்பந்தில்' பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்!)

எண் மட்டும் போதுமா? போதாது.

தகப்பனார் வாரத்துக்குப் பயிரிட்டவர். மகன் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலி வாங்கினார். 1941-ல் லூசியானா மாநிலத்தில் கிராம்பிளிங் என்ற ஊர்க் கல்லூரியில் பயிற்சியாளர் ஆனார். அது கறுப்பின மாணவர்களின் கல்லூரி. அங்கே வெள்ளையர் கல்லூரிகளின் கதவு அவர்களுக்குத் திறக்காத காலம் அது.

மைதானத்தில் புல் வெட்டியதும் அவரே. பத்திரிகைக்கு ஆட்டச் செய்தி எழுதியதும் அவரே! காலையில் விடுதிக்குப் போய், மணியை ஆட்டி, பையன்களை எழுப்பி வகுப்புக்கு விரட்டுவார். அந்த மணியை அல்லவா முதலில் சொல்ல வேண்டும்?

1949-ல் அவருடைய மாணவர் டாங்க் யங்கர் தொழில்முறை அணியில் ஆடினார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்.எஃப்.எல். என்ற தொழில்முறைக் கூட்டமைப்புக்குப் போன முதல் ஆள் அவர்தான். பிறகு 200 பேருக்கு மேல் போனார்கள்.

1995, 1996 இரண்டு ஆண்டும் தோல்வியே அதிகம். "விலகட்டும்" என்ற பேச்சு எழுந்தது. வயதும் 77. பேசியவர்கள்மீது முழுக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், 55 ஆண்டு உழைத்தவருக்கு வாசலைக் காட்டும் விதமா அது? பலரும் கொதித்தார்கள். இன்னும் ஓர் ஆண்டு கிடைத்தது.

1997-ல் விடைபெற்றார். அதுவரை வேறு எந்தக் கல்லூரிக்கும் அவர் பயிற்சியாளராகப் போனதில்லை.