தோட்டத்து நாய் சொறிகிறதா? துரத்தாமல் காரணம் தேடுங்கள்

மோட்டார் கொட்டகையிலோ களத்து மேட்டிலோ காவலுக்கு ஒரு நாய் இல்லாத தோட்டம் நம் பகுதிகளில் அரிது. கடலைக் காட்டில் பன்றி இறங்கினால் குரைப்பது, இரவில் ஆட்டுப் பட்டியைச் சுற்றி வருவது, முன்பின் தெரியாதவர் களத்தில் கால் வைத்தால் எச்சரிப்பது எல்லாம் அதன் வேலை. இதற்கு அது கூலி கேட்பதில்லை. மீந்த சோறும் சிறிது மோரும் அதற்குப் போதும்.

ஆனால் அதே நாய் ஓயாமல் சொறிய ஆரம்பித்து, முடி கொட்டி, தோல் தடித்துப் போய்விட்டால் வீட்டாரின் மனம் மாறிவிடுகிறது. "சொறி நாய்" என்ற பெயர் விழுகிறது. அதன் பிறகு திண்ணையில் இடமில்லை, தட்டில் சோறில்லை. சிலர் வண்டியில் ஏற்றி அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருகிறார்கள். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பெரும்பாலும் குணப்படுத்தக் கூடிய ஒரு தோல் நோய்க்காக, பழகிய காவலாளியை இழப்பது விவசாயிக்கு நஷ்டம் என்பதே என் கருத்து.

அண்மைக் காலத்தில் "அலர்ஜி" என்ற சொல்லும் கிராமத்திற்கு வந்துவிட்டது. நாய் சொறிந்தால் "அலர்ஜியாக இருக்கும்" என்று சொல்லி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். துரத்துவதும் தவறு, ஊகித்து மாத்திரை கொடுப்பதும் தவறு. சொறிவது ஓர் அறிகுறி மட்டுமே. அதற்குப் பின்னால் உள்ள காரணத்தை முறைப்படி, ஒன்றன்பின் ஒன்றாகத் தேட வேண்டும்.

மஞ்சள் இலைக்கெல்லாம் யூரியாவா?

பயிரில் இலை மஞ்சளானால் விவசாயி என்ன செய்கிறார்? தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, நீர் தேங்கி வேர் அழுகியதா, வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோயா என்று பார்க்கிறார். எல்லாவற்றிற்கும் யூரியா போட்டால் பணமும் போகும், பயிரும் போகும். நாயின் அரிப்பும் அப்படித்தான். தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி, பூஞ்சைக் கிருமி, சீழ் பிடிக்கும் பாக்டீரியா, உணவு ஒவ்வாமை, தூசி அல்லது மகரந்த ஒவ்வாமை ஆகிய எல்லாமே அரிப்பை உண்டாக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே தோன்றும். ஆனால் சிகிச்சை வேறு வேறு.

முதலில் பார்க்க வேண்டியது ஒட்டுண்ணி

நம் வெப்பப் பகுதியில் வெளியில் திரியும் நாய்க்கு அரிப்பு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒட்டுண்ணிகளையே. கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை.

தெள்ளுப் பூச்சியால் வரும் அரிப்பு இடுப்பின் பின்பகுதி, வாலடி, பின்தொடை ஆகிய இடங்களில் அதிகமாக இருக்கும். நெருக்கமான பற்கள் உள்ள சீப்பினால் அந்த இடத்தைச் சீவி, விழும் கருப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். சில நாய்களுக்குத் தெள்ளின் உமிழ்நீரே ஒவ்வாமையை உண்டாக்கும். அத்தகைய நாயைச் சில தெள்ளுகள் கடித்தாலே நாள் கணக்கில் சொறியும். ஆகவே "ஒன்றிரண்டு தெள்ளுதானே" என்று விட்டுவிடக் கூடாது.

உண்ணிகளைக் காதின் உள்பக்கம், கழுத்து, கால் விரலிடுக்கு ஆகிய இடங்களில் தேட வேண்டும். உண்ணி அரிப்போடு நிற்பதில்லை. எர்லிக்கியா, பெபீசியா போன்ற இரத்த நோய்களைப் பரப்பும். காய்ச்சல், தீவனம் எடுக்காமை, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

சொறிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. தோலுக்குள் வளை தோண்டி வாழும். காது ஓரம், முழங்கை, வயிற்றின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் முதலில் முடி உதிர்ந்து பொருக்குத் தட்டும். காதின் ஓரத்தை விரல்களுக்கிடையே தேய்த்தவுடன் நாய் பின்னங்காலால் காற்றில் சொறியத் தொடங்கினால் சொறிப்பூச்சி என்று பலமாகச் சந்தேகிக்கலாம். இது பிற நாய்களுக்கு விரைவில் தொற்றும். நாயைத் தூக்கிக் கொஞ்சும் குழந்தைகளுக்கும் கை, வயிறு ஆகிய இடங்களில் அரிப்புத் தடிப்புகள் வரலாம். மனிதர் உடலில் இந்தப் பூச்சி நிலைத்துப் பெருகுவதில்லை. நாயைக் குணப்படுத்தினால் வீட்டாரின் தொல்லையும் அடங்கும். தடிப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இளம் குட்டிகளில் முகத்திலும் முன்னங்காலிலும் திட்டுத் திட்டாக முடி உதிர்ந்து, அரிப்பு அதிகமில்லாமல் இருந்தால் அது டெமோடெக்ஸ் என்ற வேறு வகைப் பூச்சியாக இருக்கலாம். இது வளர்ந்த நாய்களுக்கும் மனிதருக்கும் தொற்றாது. இரண்டும் சொறிதான். ஆனால் ஒன்று பரவும், மற்றது பரவாது. தோலைச் சுரண்டி நுண்பெருக்கியில் பார்த்து மருத்துவர் பிரித்துச் சொல்வார்.

நாய்க்கு மட்டும் மருந்து போதாது

பலர் தோற்றுப் போவது இந்த இடத்தில்தான். மருந்து போட்டதும் நாய் பத்து நாள் நன்றாக இருக்கிறது, பிறகு மீண்டும் சொறிகிறது. "மருந்து சரியில்லை" என்கிறார்கள். உண்மையில், நாயின் மேல் நாம் காணும் தெள்ளு மொத்தத்தில் மிகச் சிறு பங்கே. பெரும் பகுதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நாய் படுக்கும் சாக்கிலும் மண்ணிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடக்கூடும். கூட்டுப்புழு பல வாரங்கள் காத்திருந்து, பிராணியின் நடமாட்டம் உணர்ந்தவுடன் வெளிவரும். உண்ணியோ இரத்தம் குடித்து முடித்ததும் நாயை விட்டிறங்கிச் சுவர் வெடிப்பிலும் கூரை இடுக்கிலும் போய் ஆயிரக் கணக்கில் முட்டையிடுகிறது. களையை மேலே அறுத்துவிட்டு வேரை விட்டது போலத்தான் நாய்க்கு மட்டும் மருந்திடுவது.

ஆகவே கீழ்க்கண்டவற்றை ஒரே வாரத்தில் செய்ய வேண்டும்.

1. நாய் படுக்கும் பழைய சாக்கை எரித்துவிட்டு, துவைக்கக் கூடிய துணி போட வேண்டும். அதை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். தெள்ளின் புழு வெயிலையும் வறட்சியையும் தாங்காது.

2. கொட்டகையின் மூலை முடுக்குகளைப் பெருக்கிக் குப்பையை அகற்ற வேண்டும். சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடிப்பது உண்ணிக்கு ஒளிவிடம் இல்லாமல் செய்யும்.

3. வீட்டில் எத்தனை நாய், பூனை இருந்தாலும் ஒரே நாளில் அனைத்திற்கும் சிகிச்சை செய்ய வேண்டும். நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடக் கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

4. உண்ணியைக் கையால் நசுக்கக் கூடாது. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்துச் சோப்பு நீரில் போட வேண்டும். தீக்குச்சியால் சுடுவது நாய்க்கும் புண், நமக்கும் ஆபத்து.

ஆடு வளர்ப்போர் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். நாயின் தெள்ளு ஆட்டுக் குட்டிகளையும் கடித்து இரத்தம் உறிஞ்சும். அளவு மிஞ்சினால் குட்டிகள் சோகை பிடித்து மெலியும்.

செய்யக் கூடாதவை

கழிவு இஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆகிய மூன்றும் இன்னும் பல ஊர்களில் நாயின் மேல் பூசப்படுகின்றன. பயிர்ப் பாதுகாப்பைப் பற்றி விவசாயிகளிடம் பேசி வரும் எவரும் இதைக் கண்டிக்காமல் இருக்க முடியாது. மானோகுரோட்டோபாஸ் போன்ற மருந்து தோல் வழியாகவே உடலுக்குள் போகும். போதாததற்கு நாய் தன் உடம்பை நக்குகிறது. வாயில் எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, உடல் நடுங்கி, மூச்சுத் திணறி அது இறந்து போகும். தவறிப் பட்டுவிட்டால் கையுறை அணிந்து சோப்பு நீரால் உடனே கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக் கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். பழைய நாளில் எங்கும் கிடைத்த பி.எச்.சி. தூள் 1997-இலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எங்காவது பரணில் மீதி இருந்தால் அதை நாய் மேல் தூவ எண்ண வேண்டாம்.

மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணளவில் நாய்க்குப் போடுவதும் அபாயம். கோலி போன்ற சில இனங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் அந்த மருந்து மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கும். எடை பார்த்து, இனம் பார்த்து மருத்துவர் போட வேண்டிய ஊசி அது.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் களிம்பும் அரிப்பை ஓரிரு நாளில் அடக்கும். அதனாலேயே அவை ஏமாற்றுகின்றன. உள்ளே இருக்கும் சொறிப்பூச்சியும் பூஞ்சையும் அடங்குவதில்லை, பெருகுகின்றன. நிறுத்தியதும் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

ஒவ்வாமை எப்போது?

ஒட்டுண்ணிக்கு முறையாகச் சிகிச்சை செய்து, இருப்பிடத்தையும் சுத்தம் செய்து, சீழும் பூஞ்சையும் இருந்தால் அவற்றையும் ஆற்றிய பிறகும் நாய் சொறிந்தால்தான் ஒவ்வாமையைப் பற்றி நினைக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க நம்பத்தக்க வழி சோதனைத் தீவனம். மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி இறைச்சி, கோதுமை ஆகியவை நாய்களுக்கு அதிகமாக ஒவ்வாமை தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நாய் இதுவரை தின்னாத ஒரு தானியம், இதுவரை தின்னாத ஒரு புரதம் இரண்டை மட்டும் 8 வாரம் கொடுக்க வேண்டும். சோறும் மோரும் கோழிக் கழிவும் தின்று வளர்ந்த நாய்க்குக் கேழ்வரகுக் களியும் முள் நீக்கி வேகவைத்த மீனும் கொடுத்துப் பார்க்கலாம். மிளகாய் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. இந்த 8 வாரத்தில் குழந்தைகள் கொடுக்கும் ஒரு பிஸ்கட்டும் சோதனையைக் கெடுத்துவிடும். அரிப்புக் குறைந்தால் பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்திற்குள் அரிப்புத் திரும்பினால் காரணம் உறுதி. வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை வித்து ஆகியவற்றால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் 6 மாதம் முதல் 3 வயதுக்குள் தொடங்கும். முகம், காது, அக்குள், பாதம், வயிறு ஆகிய இடங்களில் அரிக்கும். நாய் பாதத்தை நக்கிக் கொண்டேயிருக்கும். இதற்கு முழுக் குணம் அரிது, ஆனால் கட்டுப்படுத்தலாம். மருத்துவர் சொல்லும் ஷாம்பு போட்டு வாரம் ஒரு முறை குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவதே பாதித் தொல்லையைக் குறைக்கும். துணி சோப்பு ஆகாது. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒக்லாசிட்டினிப் போன்ற அரிப்படக்கி மாத்திரைகள் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. ஒரு மாத்திரையில் 12 வாரம் வரை தெள்ளையும் உண்ணியையும் கொல்லும் ஃப்ளூரலேனர் போன்ற மருந்துகளும் உள்ளன. விலை சற்று அதிகம். வலிப்பு வரும் நாய்க்கு இவ்வகை உண்ணி மாத்திரையை யோசித்தே கொடுக்க வேண்டும். இருப்பினும், மாதந்தோறும் பலனில்லாத களிம்புக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

மருந்தகத்திற்கு நாயும் வரட்டும்

பசுவுக்குச் சினை ஊசி போடக் கால்நடை மருந்தகம் செல்லும் விவசாயி, நாயை அங்கே அழைத்துப் போகக் கூச்சப்படுகிறார். "நாய்க்குப் போய் வைத்தியமா" என்று ஊரார் சிரிப்பார்களோ என்ற தயக்கம். இதை விட்டொழிக்க வேண்டும். அரசு மருந்தகம் நாய்க்கும் உரியதுதான். அங்கே தீராத தோல் நோய்க்குச் சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம். போகும்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிட்டால் ஒரே நடையில் இரண்டு வேலை முடியும்.

விரிவாக்கப் பணியில் உள்ள எங்களைப் போன்றோருக்கும் இதில் பொறுப்புண்டு. பயிற்சி முகாம்களில் பசு, ஆடு, கோழி என்று பேசுகிறோம். பட்டியைக் காக்கும் நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. இனிச் சொல்ல வேண்டும். கிராமக் கால்நடை முகாம்களில் நாய்களுக்கும் தோல் பரிசோதனை செய்ய ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

இராஜபாளையம் நாய் 2005-இல் அஞ்சல் தலையில் இடம் பெற்றதில் நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமையில் ஒரு பங்கு பெயரில்லாத தோட்டத்து நாய்க்கும் சேர வேண்டும். அது சொறிந்தால் விவசாயப் பெருமக்கள் முதலில் சீப்பும் ஈரத் துணியும் எடுத்துப் பார்க்கட்டும். அடுத்து அதன் படுக்கையைப் பார்க்கட்டும். மறுநாள் காலை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லட்டும். இரண்டு மாதம் பொறுமையாகக் கவனித்தால் பெரும்பாலான நாய்கள் முடி முளைத்து மீண்டும் காவலுக்கு வந்துவிடும்.