பேரனுக்கு வயர் மவுஸா, வயர்லெஸ் மவுஸா?



திண்டிவனத்தில் பிளஸ் ஒன் படிக்கும் என் பேரன் பொங்கல் காசு 1,800 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். கேமிங் மவுஸ் வாங்க வேண்டுமாம், அதுவும் வயர் இல்லாதது. "நீங்க சொன்னா அப்பா ஒத்துக்குவாரு தாத்தா" என்று போன் செய்தான். விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு, யோசிக்காமல், "வயர்லெஸ் எல்லாம் லேட்டாத்தாண்டா வேலை செய்யும், வயர் வச்சதையே வாங்கு" என்று சொல்லிவிட்டேன். பையன் ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டான்.

இயற்பியல் வாத்தியார் அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது எனக்கே உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன்.

முதலில் நம் பழைய ஸ்கேல் சோதனை. (உங்களில் பலர் பிடிக்கத் தவறிக் காலில் போட்டுக்கொண்டது நினைவிருக்கும்.) விழும் ஸ்கேலை அவன் 17 செ.மீ.யில் பிடித்தான், கணக்குப் போட்டால் சுமார் 186 மில்லி செகண்ட். நான் 28 செ.மீ., 239 மில்லி செகண்ட். வயசு!

நல்ல கேமிங் மவுஸ் என்றால், வயரோ, குட்டி ரிசீவர் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ்ஸோ, செகண்டுக்கு 1,000 முறை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும். 1 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. புளூடூத்தில் பெரும்பாலும் 125 தடவைதான். நான் மனதில் வைத்துப் பேசியது என் பழைய புளூடூத் மவுஸை. அவன் ஆடும் வேலரண்டுக்கு சர்வர் மும்பையில். போய்த் திரும்ப 40 மில்லி செகண்டுக்கு மேல் என்று அவன் திரையிலேயே காட்டுகிறது. இதில் மவுஸைக் குறை சொல்லி என்ன?

தப்பு என்னுடையது என்று அவனிடமே சொன்னேன்.

இருந்தாலும் 2,000 ரூபாய்க்குள் என்றால் வயருக்குத்தான் என் ஓட்டு. பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் போகிற காசு சென்சாருக்கும் பட்டனுக்கும் போகும். சார்ஜ் கவலை இல்லை. வயர் இழுத்தால் மேசை விளிம்பில் கொஞ்சம் தளர்த்தி டேப் ஒட்டிவிடலாம்.

இதைச் சொன்னதும் அவன் மேசையைக் காட்டினான். வீட்டில் அந்த ஒரு மேசைதான். பாதியில் தங்கையின் நோட்டுகள், ஓரத்தில் என் மகளின் தையல் மிஷின். "வயரு அவ எழுதுற கைமேலயே போகுது தாத்தா. தினமும் சண்டை."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வயர்லெஸ்ஸே வாங்கட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். புளூடூத் மட்டும் உள்ளது வேண்டாம். ரிசீவரை யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் பக்கத்தில் செருகாதே, அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும் என்றும் பேரனிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த விலையில் வாங்கியவர்கள் பேட்டரி எத்தனை நாள் வருகிறது என்று எழுதுங்கள். மாப்பிள்ளையும் படிப்பார், பார்த்து எழுதுங்கள்.