உயிரை எடுக்காத நடுக்கம்

கை நடுங்கினாலே பார்கின்சன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கும் கைதான் பெரும்பாலும் பார்கின்சன். காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, வங்கியில் கையெழுத்துப் போடும்போது நடுங்கினால் அது வேறு. எசென்ஷியல் டிரெமர் என்பார்கள். பார்கின்சனைவிடப் பல மடங்கு பரவலானது இதுதான். 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு இருக்கிறது. விசாரித்தால், "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆடும்" என்று பாதிப் பேராவது சொல்வார்கள்.

இரண்டு நடுக்கங்களுக்கும் கிடைத்த கவனத்தை ஒப்பிட்டால் மருத்துவத்தின் ஓரவஞ்சனை தெரியும். லண்டனில் ஜேம்ஸ் பார்கின்சன் தன் சிறு நூலை வெளியிட்டது 1817இல். 1912இல் ஃபிரடெரிக் லூயி அந்நோயாளிகளின் மூளை அணுக்களில் விசித்திரமான உருண்டைகளைக் கண்டார். 1919இல் டிரெட்டியாகோஃப் நடுமூளையின் கருப்புப் பகுதி அழிந்திருப்பதைக் காட்டினார். 1960இல் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் குறைவு தெரியவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதை ஈடுகட்டும் லெவோடோபா மருந்து வந்துவிட்டது.

எசென்ஷியல் டிரெமருக்கு இத்தாலியரான பியெத்ரோ புர்ரேசி பெயர் சூட்டியது 1874இல். அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக, மூளைக்குள் என்ன நடக்கிறது என்று முறையாகத் தேடியவர்கள் மிகக் குறைவு. 'தீங்கற்றது' என்ற அடைமொழி வேறு கூடவே ஒட்டிக்கொண்டது. சாம்பாரைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, கல்யாணப் பந்தியில் உட்காரவே கூசுகிறவரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்! ஆளைக் கொல்லாத நோய்க்குப் பிரேதப் பரிசோதனை எதற்கு என்ற எண்ணம்தான் அடிப்படை. நோயாளி வேறு ஏதோ காரணத்தால் இறந்துபோவார். அந்த மூளையை யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

மருந்துகள்கூடத் தற்செயலாக வந்தவையே. இதயத்துக்காக உருவான புரோப்ரனலால் நடுக்கத்தையும் குறைக்கிறது என்பது 1970களின் தொடக்கத்தில் தெரிந்தது. வலிப்பு மருந்தான பிரிமிடோன் 1981இல் சேர்ந்தது. நோயின் மூலம் தெரியாமலே வைத்தியம் நடந்தது.

2003இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஈலன் லூயிஸ் இந்த நோயாளிகளின் மூளைகளுக்கென்றே ஒரு சேமிப்பகம் தொடங்கினார். கை ஆடிக்கொண்டிருக்கும்போதே, 'நான் போன பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுத்தவர்களால்தான் அது நிரம்பியது. 2007இல் அவரும் ஃபில்லிஸ் ஃபௌஸ்டும் குழுவினரும் 33 நோயாளிகளின் மூளைகளை, நோயற்ற 21 பேரின் மூளைகளோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். எட்டு மூளைகளில், பார்கின்சனில் காணப்படும் அதே லூயி உருண்டைகள் மூளைத்தண்டில் இருந்தன. மற்ற 25இல் கோளாறு சிறுமூளையில்.

சிறுமூளையில் பர்கின்ஜி அணு என்று ஒன்று உண்டு; செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 1837இல் விவரித்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழியே வரும் செய்திகளை வாங்கி, அது அனுப்பும் பதில் எப்போதும் 'அடங்கு' என்பதே. சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே குரலும் அதுதான். நோயாளிகளின் சிறுமூளைச் சீவலை வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தபோது, அணுவிலிருந்து புறப்படும் மெல்லிய நரம்பிழை சற்றுத் தூரத்திலேயே எலியை விழுங்கிய பாம்புபோல உப்பியிருந்தது. உள்ளே இழைப்புரதங்கள் தேங்கிக் கிடந்தன. 'டார்பிடோ' என்று இதற்குப் பெயர். முதுமையில் எல்லோருக்கும் ஒன்றிரண்டு இருக்கும். இவர்களுக்குப் பல மடங்கு. 'அடங்கு' என்று சொல்லும் அணுவே நலிந்துவிட்டால் கை ஆடாமல் என்ன செய்யும்?

விஷயம் அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை. கனடாவின் சஸ்காச்செவனில் பல பத்தாண்டுகளாக மூளைகளைச் சேகரித்துவரும் அலி ராஜ்புத் குழு, தாங்கள் எண்ணிய வரையில் பர்கின்ஜி அணுக்கள் குறையவில்லை என்றது. எண்ணும் முறையில் தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. என் கணிப்பில், அணு சாகிறதா என்பதைவிட, உயிரோடு இருக்கும் அணு எப்படித் தடம் மாறுகிறது என்ற கேள்விக்கே பலன் அதிகம். 2020இல் வந்த ஆய்வு அந்தத் திசையில்தான் போனது. பர்கின்ஜி அணுவின் தடித்த கிளைகளோடு நின்றுகொள்ள வேண்டிய 'ஏறு இழைகள்', நோயாளிகளிடம் வெளிப்புறச் சிறு கிளைகள் வரை படர்ந்திருந்தன. இணைப்புகளை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதம் குறைந்திருந்தது. அதே புரதத்தைக் குறைத்த எலிகளுக்கும் நடுக்கம் வந்தது.

இது ஒரே நோய்தானா என்ற சந்தேகமும் வலுத்திருக்கிறது. 2018இல் நிபுணர்கள் கூடி, நடுக்கத்தோடு நடைத் தடுமாற்றம் போன்ற வேறு அறிகுறிகளும் உள்ளவர்களை 'எசென்ஷியல் டிரெமர் பிளஸ்' என்று தனியே பிரித்தார்கள். நோயாளியை வெளியிலிருந்து பார்த்துப் போட்ட கோடு அது. உள்ளே, சிறுமூளையிலும் அதே இடத்தில்தான் கோடு ஓடுகிறதா என்று சரிபார்க்க, கொடையாக வந்த மூளைகள் இன்னும் நிறைய வேண்டும்.