இரைச்சல் நாடாவிலா, கணினியிலா?



பழைய படங்களையும் கடிதங்களையும் கணினியில் சேமிப்பது பற்றி முன்னைய இதழ்களில் எழுதியிருந்தேன். அதன் பிறகு எங்கள் ஓலைத்தொடுவாயிலும் அயலில் பேசாலை, தோட்டவெளிப் பக்கமும் அக்காமார் பலர் என்னிடம் கேட்டது ஒன்றையேதான். "கசற்றில் இருந்த குரலைக் கணினியில் ஏற்றிவிட்டோம். போட்டுக் கேட்டால் ஒரே இரைச்சலாக இருக்கிறதே, என்ன செய்வது?"

இது சின்னக் கேள்வி அல்ல. 1990இல் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்களில் சிலர், கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்பினார்கள். அதே ஆண்டு எருக்கலம்பிட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்த சகோதரிகளின் வீடுகளிலும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளிலும் அப்படியான நாடாக்கள் இருக்கின்றன. திரும்பி வராத ஒருவரின் குரல் ஒரேயொரு நாடாவில் மட்டும் மிஞ்சியிருக்கிற வீடுகளும் உண்டு.

ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் எங்கே இருக்கிறது என்று அறியாமல் அதை அழிக்க யாரிடமும் கொடுக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, கணவரின் குரல் இருந்த பதிவை நகரத்துக் கடையொன்றில் "இரைச்சல் எடுத்துத் தாருங்கள்" என்று கொடுத்தார். அவர்கள் ஒரு மென்பொருளால் சுத்தம் செய்து கொடுத்தார்கள். இரைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல ஆகிவிட்டது. "ச", "ஸ" ஓசைகள் கரைந்துபோயின. பின்னால் கேட்ட பனையோலைச் சலசலப்பும் இல்லை. "இது அவர் பேசுறது மாதிரி இல்லை" என்றார் அக்கா. நல்லகாலம், மூலக் கசற் அவரிடமே இருந்தது. அதிலிருந்து எடுத்த பழைய கோப்பை வேறு வழியில் போட்டுக் கேட்டபோது அந்த "ம்ம்ம்" என்ற உறுமல் பதிவிலேயே இல்லை. அது கணினியிலிருந்து ஸ்பீக்கருக்கு வரும் வழியில் சேர்ந்தது. இல்லாத இரைச்சலை அழிக்கப் போய்க் குரலின் பாதியையும் அழித்திருந்தார்கள்.

உறுமல் எப்படி வருகிறது?

கணினிக்குள் ஒலி முழுவதும் எண்களாகவே இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகுமுன் அந்த எண்களை மின் அலையாக மாற்ற வேண்டும். தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய சில்லு இந்த வேலையைச் செய்கிறது. பல கணினிகளில் இது ரியல்ரெக் நிறுவனத்தின் சில்லு. அதன் பக்கத்திலேயே காற்றாடி, மின்வழங்கி, திரைக்கான சில்லுகள் எல்லாம் இயங்குகின்றன. அவற்றின் மின் சலசலப்பு ஒலியிலும் ஏறிவிடுகிறது. சந்தை நடுவே நின்று ஒருவர் இரகசியம் சொல்வதுபோலத்தான்.

இன்னொன்று, கணினியும் அம்ப்ளிபயரும் வெவ்வேறு பிளக்கில் இருக்கும்போது இரண்டின் எர்த்துக்கும் இடையில் ஒலி வயர் வழியாகவே சிறு மின்னோட்டம் சுற்றி வரும். எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அது தாழ்ந்த உறுமலாகக் கேட்கும். இதை நிறுத்த எர்த் வயரை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

செலவில்லாமல் சோதிப்பது

1. எதையும் போடாமல் ஸ்பீக்கரின் ஒலியை மட்டும் கூட்டுங்கள். அப்போதும் உறுமினால் அது நாடாவின் குற்றம் அல்ல.
2. மவுசை அசைக்கும்போது கீச்சென்ற ஓசை மாறினால் அது கணினியின் இரைச்சல்.
3. மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.
4. அதே கோப்பைக் கைபேசியில் ஏற்றி இயர்போனில் கேளுங்கள். அங்கே உறுமல் இல்லையென்றால் பதிவு நன்றாகவே இருக்கிறது.

எண்ணாகவே வெளியே எடுப்பது

பல மேசைக் கணினிகளின் பின்புறத்தில், பச்சை நிற ஓட்டைக்குப் பக்கத்தில், சிறிய சதுரத் துளை ஒன்று இருக்கும். அதற்குள் சிவப்பு வெளிச்சம் தெரியும். இதுதான் ஒளிவழி டிஜிட்டல் வெளியீடு. சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் வகுத்த முறையில் ஒலி எண்களாகவே இதன் வழியாக வெளியே போகிறது. இந்த ஒளி இணைப்பைத் தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டு வந்தது. வயருக்குள் ஓடுவது மின்சாரம் அல்ல, வெளிச்சம். அதனால் எர்த் உறுமல் இந்த வழியாக வர முடியாது. கடற்காற்றில் எங்கள் செப்பு முனைகள் பச்சை பிடிப்பதுபோல இதற்குப் பிடிப்பதும் இல்லை. வயரைக் கூர்மையாக மடிக்காமலும், முனையில் உள்ள சிறு மூடியைக் கழற்றிய பிறகும் பொருத்த வேண்டும்.

மறுமுனையை ஒளிவழி உள்ளீடு உள்ள பழைய ஹோம் தியேட்டர் அம்ப்ளிபயரிலோ சவுண்ட்பாரிலோ பொருத்தலாம். அவை இல்லையென்றால் எண்ணை ஒலியாக்கும் சிறு பெட்டிகள் கடைகளில் உண்டு. புதிய கணினிகள் பலவற்றில் இந்தத் துளை இல்லை. அவற்றில் யூஎஸ்பியில் செருகும் பெட்டியோ எச்டிஎம்ஐ வயரோ இதே வேலையைச் செய்யும். எப்படியானாலும் எண்ணை ஒலியாக்கும் வேலை கணினிக்கு வெளியே நடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பொருத்திய பின் விண்டோஸில் செய்ய வேண்டியவை:

ஒலி அமைப்பில் "பிளேபாக்" பட்டியலைத் திறந்து டிஜிட்டல் வெளியீட்டைத் தெரிவு செய்யுங்கள். பச்சை ஓட்டையில் ஒலி நின்றுபோகலாம். பயப்பட வேண்டாம், அது இயல்புதான்.

"அட்வான்ஸ்ட்" பகுதியில் அளவைப் பாருங்கள். சீடிப் பாட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 அளவுகள் இருக்கும். வீடியோவில் பெரும்பாலும் 48,000 இருக்கும். கோப்பு எதுவோ அதையே தெரிவு செய்யுங்கள். கொத்தால் அளந்த அரிசியை இன்னொரு பாத்திரத்தால் திரும்ப அளந்தால் கொஞ்சம் சிந்தும் அல்லவா? 1997இல் வந்த ஏசி97 முறைச் சில்லுகள் பல, எல்லாவற்றையும் 48,000 ஆக மாற்றியே வெளியே விட்டன. 2004இல் இன்ரெல் கொண்டு வந்த புதிய முறைக்குப் பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. இன்றைய விண்டோஸ் இந்த மாற்றத்தை நன்றாகவே செய்கிறது. ஆனாலும் தேவையில்லாமல் மாற்றுவானேன்?

"என்ஹான்ஸ்மென்ற்ஸ்" என்ற ஒலி அலங்காரங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். கணினியின் ஒலியளவை 100இல் வைத்து, கூட்டிக் குறைப்பதை அம்ப்ளிபயரில் செய்யுங்கள். கணினியில் குறைத்தால் எண்களின் நுணுக்கமும் சேர்ந்து குறையும்.

இதனால் ஆகாதது

நாடாவிலேயே இருக்கிற "ஸ்ஸ்" ஓசை இதனால் போகாது. சுருக்கிய எம்பி3 கோப்பில் இழந்தது திரும்பி வராது. நாடாவிலிருந்து கணினிக்குள் ஏற்றும் வேலைக்கும் இந்தத் துளை உதவாது, இது வெளியே விடும் வழி மட்டுமே. ஏற்றும்போதும் யூஎஸ்பி பெட்டி போன்ற வெளி மாற்றியைப் பயன்படுத்துங்கள். உலக ஒலி ஆவணக் காப்பாளர் சங்கமான ஐயாசாவும் மாற்றி கணினிக்கு வெளியே இருப்பதையே விரும்புகிறது. வேவ் கோப்பாக, 24 பிற்றில், குறைந்தது 48,000, முடிந்தால் 96,000 அளவில் பதியும்படியும் அது சொல்கிறது.

பதிந்த மூலக் கோப்பை ஒருநாளும் மாற்றாதீர்கள். சுத்தம் செய்வதானால் பிரதியில் மட்டும் செய்யுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருந்தால், இன்னொன்றைக் கடல் கடந்தோ ஊர் கடந்தோ உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். இடம்பெயர்ந்தபோது எதையெல்லாம் விட்டுவிட்டு ஓடினோம் என்பது எமக்கெல்லாம் தெரியும்தானே. கோப்பின் பெயரில் பேசியவர் யார், எந்த ஆண்டு, எங்கிருந்து என்று எழுதுங்கள். கசற்றையும் எறிய வேண்டாம். உறையில் இட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

பின்னால் கேட்கிற காகம், அலை, குழந்தை அழுகை எல்லாம் இரைச்சல் அல்ல. அவர் எங்கே நின்று பேசினார் என்பதற்குச் சாட்சி அவைதான். அவற்றை வைத்திருப்பதா எடுப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு முதலில் அந்தப் பதிவைக் கணினியின் உறுமல் இல்லாமல் ஒருமுறையாவது கேட்டுவிடுங்கள்.