யார் சும்மா இருப்பது?

சங்கத்தின் உறுப்பினர் படிவத்தில் ‘மனைவியின் தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. சென்ற மாதம் தாராவியில் ஒரு தோழர், "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வீட்ல சும்மாதான் இருக்கா" என்று எழுதச் சொன்னார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த வீட்டை எனக்குத் தெரியும்.

தோழர் தோல் பட்டறைத் தொழிலாளி. நான்கு ஆண்டுகளுக்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து தாயாரை அழைத்து வந்தார். அந்த அம்மாளுக்கு மறதி நோய். காலையில் சாப்பிட்டதைப் பத்து மணிக்கு மறந்து, சோறு போடவில்லை என்று சந்தில் நின்று அழுவார். ஊர்க் கிணற்றைத் தேடித் தண்டவாளம் வரை போய்விடுவார். வழி கேட்க இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பத்துக்குப் பத்து அறையில் அவரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, இரவில் கதவுக்குக் குறுக்கே படுத்துக் காவல் காப்பவர் மருமகள். அவர்தான் ‘சும்மா’ இருக்கிறாராம்!

நான் ரயில்வே குமாஸ்தா. கவுண்டர் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் கைக்காசு போட்டுக் கட்டுகிறவன். ஆகவே இந்த வீட்டுக்கும் கணக்குப் போட்டேன். மருமகள் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்து மாதம் 6,000 ரூபாய் வாங்கி வந்தார். அதை விட்டார். நான்கு ஆண்டில் 2,88,000. கணவர் மாதம் மூன்று நாள் பட்டறைக்குப் போக முடியவில்லை. நாளுக்கு 600 வீதம் 86,400. மொத்தம் 3,74,400 ரூபாய். மருந்து, வட்டிக் கடன், மருமகளின் முதுகுவலி எதுவும் இதில் சேரவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2019இல் உலகம் முழுவதும் இந்நோயால் ஆன செலவு 1,30,000 கோடி டாலர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஏறக்குறைய பாதி, குடும்பத்தார் கூலியின்றிச் செய்த பணிவிடை. அந்தப் பணிவிடை நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களுடையது.

சர்க்கார் என்ன செய்கிறது? பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்று 2007இல் சட்டம் போட்டது. சரி, கைவிடாமல் காப்பவருக்கு என்ன? முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய்! மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் பராமரிப்பாளர் படி என்ற சொல் இருக்கிறது. ஆனால் அதன் பட்டியலில் மறதி நோயின் பெயரே இல்லை. 2001இல் லதா வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. அது விபத்தில் இறந்த பெண்களுக்கு. செத்தால் விலை, உயிரோடிருந்தால் சும்மாவா?

"பெற்ற தாயைப் பார்க்கக் கூலியா? இது நம் பண்பாடாயிற்றே!" என்று சிலர் மீசை முறுக்குவார்கள். ஐயா, பண்பாடு உங்களுடையது. முதுகுவலி மட்டும் மருமகளுடையதா? பாசத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை. பாசத்தைக் காட்டி ஒருத்தியின் கூலியைப் பறிப்பதைத்தான் எதிர்க்கிறோம். பக்கத்துக் கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் படுக்கையிலிருப்போரைப் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தார்கள். சொற்பம்தான். ஆனாலும் அது உழைப்பு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதே!

நாம் கேட்பது இவை: மறதி நோயைச் சட்டப் பட்டியலில் சேர், பராமரிப்பவருக்கு மாதப்படி கொடு, பிழைக்க வந்தவன் என்று பாராமல், வசிக்கும் ஊரிலேயே கொடு, குடிசைப் பகுதிகளில் பகல் நேரக் காப்பகம் திற.

மனு எழுதுவேன், ஊர்வலமும் போவோம். அதற்கு முன் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தாயாரை நீங்கள் குளிப்பாட்டுங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டுப் பெண் உறங்கட்டும்.

அந்தத் தோழரின் படிவத்தை நான் பூர்த்தி செய்துவிட்டேன். மனைவியின் தொழில்: நோயாளி பராமரிப்பு. வேலை நேரம்: 24 மணி. கூலி: பாக்கி.